பர்மா தேக்கு என்று சொல்லி 64,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆன்லைனில் மரம் விற்கும் ஒரு தளத்தில் 16 கன அடி தேக்கு வாங்கினேன். கன அடி 4,000 வீதம் 64,000 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. பெயரைப் போட்டால் நோட்டீஸ் விடுவார்கள் என்று வக்கீல் நண்பர் தடுத்ததால் போடவில்லை. கில்னில், அதாவது சூடேற்றும் அறையில் பதப்படுத்தியது, ஈரம் 12 சதவீதத்துக்குள், பட்டறை வாசலில் இறக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற ரகம்.

நான் தச்சு ஆசாரி, கையில் எடுத்த வேலை தலைவாசல் நிலை, அதற்கு இரட்டைக் கதவு, ஒரு பூஜை அறைக் கதவு. வேலை கொடுத்த பார்ட்டி பர்மா தேக்குதான் வேண்டும் என்றார். எங்கள் ஊர் மரவாடியில், அதான் மரக்கடையில், மரம் நன்றாக இருக்கும், ஆனால் காற்றில் காய்ந்ததுதான். ஒரு இன்ச் கனம் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. கிரகப்பிரவேசத் தேதி அதற்கெல்லாம் காத்திருக்குமா?

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். வீடியோ காலில் வந்த பையன், "ஆசாரி அண்ணே, நீங்க கை காட்டுற பலகையையே உருவுறேன்" என்றான். உருவினான். ஈரமானியின் இரண்டு ஊசியையும் அழுத்திக் காட்டினான், 11.4. இழைப்புளியால் ஒரு இழுப்பு இழுத்து, சுருளைக் கசக்கி மோந்து, "எண்ணெய்ப் பசை கையில ஒட்டுதுண்ணே" என்றான். தொழிலுக்குள் வளர்ந்தவன் பேசுகிற பேச்சு. இன்றைக்கும் அந்தப் பையன் ஆசாரி வீட்டுப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன், அதுதான் கூடுதல் எரிச்சல். போன மாதம் பர்மாவிலிருந்து அறுக்காத உருட்டு மரமாக வந்ததை நாங்களே அறுத்தோம் என்றும் சொன்னான். மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது! மரவாடி முதலாளி இதைச் சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சரி, விடுங்கள்.

நாலு பக்கமும் இழைத்தே அனுப்பியிருந்தார்கள். மேல்பக்கத்தில் என் மானியும் 12 தான் காட்டியது. நிலைக்குக் கழுந்து (கட்டையின் முனையில் செதுக்கும் நாக்கு) எடுத்து, அது நுழைய அடுத்த கட்டையில் துளை போட்டு, கொட்டாப்புளியால் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். ஒரு வாரம் தாண்டவில்லை, கழுந்து ஆடுகிறது. துளையின் நீளம் நார் ஓடும் போக்கில் இருப்பதால் அது அப்படியே நிற்கும். கழுந்தின் அகலம் மட்டும் சுருங்கும், அங்கே சந்து விழும். மிச்சத் துண்டைக் குறுக்கே அறுத்து நடுவில் ஊசியைக் குத்தினால் 23! மேல்தோலை மட்டும் சூடு காட்டிக் காய வைத்திருக்கிறார்கள். அந்த ஈரம் முழுக்க இறங்கினால் ஐந்து இன்ச் கட்டை 3 மி.மீ. வரை ஒடுங்கும். மூட்டு வேலையில் 3 மி.மீ. என்றால் என்னவென்று தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கதவுப் பலகையைப் பிரித்தேன். தேக்குதான், மறுக்கவில்லை. சீக்கிரம் வளர்ந்த தோட்டத்து இளந்தேக்கு. பாதிக்கு மேல் வெள்ளை, அதாவது ஓரத்து வெளிர் மரம், அதற்குச் சாயம் பூசி வைரம் பாய்ந்த நடுமரம் போலக் காட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் பஞ்சு காவியாகிறது. கரையானும் வண்டும் முதலில் விழுகிற வெள்ளையைத் தலைவாசலில் வைப்பதா?

போன் போட்டேன். முதலில் அதே பையன், "மரம்னா சுருங்கத்தான்ணே செய்யும், உங்க ஊர் வெயில் அப்படி." அடுத்து ஒரு மேடம், "இறக்கின 48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும் சார்." அதற்கடுத்து தளத்தின் கஸ்டமர் கேர், "நாங்க வெறும் இடைத்தரகர், விற்றவர்கிட்ட பேசுங்க." விற்றவர் நம்பரோ அணைந்து கிடக்கிறது. பில் கேட்டால் எஸ்டிமேட் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டின் படம் வருகிறது. 64,000 ரூபாய்க்குத் துண்டுச் சீட்டு. பார்ட்டிக்கு உள்ளூர் மரவாடியில் கடனுக்கு மரம் எடுத்து மறுபடி முதலிலிருந்து நிலை அடிக்கிறேன், கூலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மரம் வாங்குவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும்: மானி காட்டினால், பலகையைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தில் குத்தச் சொல்லுங்கள். ஸ்பிரிட் பஞ்சு கையோடு இருக்கட்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முழுப் பணம் முன்னால் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ஆன்லைன் தளத்துக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. போனில் கத்தாமல் அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நானும் அனுப்பிவிட்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருக்கிறேன். சாயம் பூசிய பலகை பட்டறையில் அப்படியே அடுக்கிக் கிடக்கிறது, யார் வந்து பார்த்தாலும் அறுத்துக் காட்டுகிறேன்.