முடிந்த பதினான்கா, முடியாத ஐந்தா?

பெரிய ஃபேன்டஸி தொடர் ஒன்றைப் படிக்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’. 1990இல் தொடங்கி 2013இல் 14 பாகங்களோடு முடிந்தது; முன்கதை ஒன்று தனி. இன்னொன்று ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’. 1996இல் தொடங்கியது, ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் தவம் கிடக்கிறார்கள். என் ஓட்டு ஜோர்டனுக்கு. ஆனால் இருவரில் தேர்ந்த எழுத்தாளர் மார்ட்டின்தான்.

மார்ட்டினின் முதல் பாகத்தில் ஒரு சிறுவனைக் கோபுரச் சாளரத்திலிருந்து தள்ளிவிடுகிறான் ஜேமி லானிஸ்டர். அவனை இரண்டு பாகங்கள் முழுக்க வெறுக்கிறோம். மூன்றாம் பாகத்தில் திடீரென அவன் பெயரிலேயே, அவன் பார்வையிலேயே அத்தியாயங்கள் வருகின்றன. வாள் பிடித்த கை போய், காய்ச்சலோடு, ஹாரன்ஹால் கோட்டையின் குளியலறை வெந்நீரில் அமர்ந்தபடி, தான் காவல் காத்த அரசனைக் கொன்றது ஏன் என்று பிரியன் என்ற வீராங்கனையிடம் சொல்கிறான். தலைநகரையே மக்களோடு சேர்த்துக் கொளுத்தத் துணிந்தவன் அந்த அரசன். ஒரே பக்கத்தில் நம் தீர்ப்பு தலைகீழாகிறது. இந்த வித்தை ஜோர்டனுக்குக் கைவராது.

வருத்தம் அதற்குப் பிறகுதான். ஒரே காலத்தில் நடப்பவற்றை இடவாரியாகப் பிரித்து இரண்டு புத்தகங்களாக்கியதால், நான்காம் பாகத்தில் முக்கியப் பாத்திரங்களான டிரியனுக்கோ டெனேரிஸுக்கோ ஓர் அத்தியாயம்கூட இல்லை. முடிச்சுகள் கூடிக்கொண்டே போகின்றன, அவிழ்க்க ஆளில்லை. இதை வைத்து எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் 2019இல் ஒரு முடிவைச் சொல்லிவிட்டது, சரி. அது புத்தகத்தின் முடிவாகிவிடாது.

ஜோர்டனிடம் குறைகளுக்குப் பஞ்சமில்லை. முக்கியப் பெண் பாத்திரங்களில் ஒருத்தியான நைனீவ் கோபம் வந்தால் பின்னலைப் பிடித்து இழுப்பாள். அவளுக்குக் கோபம் வராத நாளில்லை. எட்டாம் பாகத்திலிருந்து கதை நொண்டுகிறது. 2003இல் வந்த பத்தாம் பாகமோ, ஒன்பதாவதின் இறுதியில் நடந்த பெருநிகழ்வின்போது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்கே ஏராளமான பக்கங்களைச் செலவிடுகிறது.

அப்படியும் ஏன் ஜோர்டன்? நான்காம் பாகத்தில், ருயிடியன் என்ற பாலைவன நகரில் நடக்கும் பகுதிக்காக. கண்ணாடித் தூண்களுக்கிடையே நடக்கும் கதாநாயகன் ராண்ட், அடி வைக்க வைக்கத் தன் முன்னோர்களின் கண்கள் வழியே காலத்தில் பின்னோக்கிப் போகிறான். அந்த முன்னோர்களின் இனமான ஐயெல் மக்கள் கொல்லும்முன் முகத்திரை அணிவார்கள். முந்தைய பாகங்களிலேயே அது நமக்குப் பழகிவிட்டது. இங்கேதான் அதன் காரணம் தெரிகிறது. ஒருகாலத்தில் அவர்கள் எவரையும் தாக்குவதில்லை என்று உறுதி பூண்டவர்கள். கடத்தப்பட்ட தங்கையை மீட்க ஈட்டியெடுத்துக் கொன்றுவிட்டுத் திரும்பும் மகனைத் தாய் அந்நியன் என்கிறாள். முகத்தை மறைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அவன் மறைத்துக்கொள்கிறான். பின்னால் வரும் தலைமுறைகளுக்கு அது வழக்கமாகிவிடுகிறது. வரலாறு எப்படி மறக்கப்படுகிறது என்பதை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய ஃபேன்டஸியை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

இன்னொன்று, முடிவு. 2007இல் ஜோர்டன் இறந்தபோது குறிப்புகளையும், தானே எழுதிவைத்த கடைசிக் காட்சியையும் விட்டுச் சென்றார். மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாகத் திட்டமிட்டது மூன்றானது. சாண்டர்சன் கையில், ராண்டின் நண்பன் மேட்டின் கிண்டல் சற்றுச் செயற்கையாக ஒலிக்கிறது. ஆனால் கதை கரைசேர்ந்தது.

ஸ்டீவன் எரிக்சனின் பத்துப் பாக ‘மலாசன்’ தொடரையும் சிலர் சொல்வார்கள். எதையும் விளக்காமல் போர்க்களத்தின் நடுவில் இறக்கிவிடும் தொடர் அது. முதல் தொடராக வேண்டாம்.

மார்ட்டினின் முதல் மூன்று பாகங்களை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். ஜோர்டனுக்கு நான்காம் பாகம் வரை அவகாசம் கொடுங்கள். ருயிடியனும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மூடிவைத்துவிடலாம். பிடித்துப்போனவர்கள் பத்தாம் பாகத்தை மட்டும் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு தாண்டிப் போனால், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.