இறக்கத்தில் விளங்கிய அருமை: நான்கு நண்பர்கள், ஒரு மலை, இரண்டு இணை ஊன்றுகோல்கள்

கூட்டம் ஓயாத ஒரு மலைக்கு, விடியும் முன் ஏறத் தொடங்கி இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது என்ற திட்டத்தோடு, நண்பர்கள் நால்வர் சென்று வந்தோம். எங்களிடம் இரண்டு இணை மலையேற்ற ஊன்றுகோல்கள் இருந்தன. ஒன்று நான் வாங்கியது. மூன்று அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, வேண்டிய நீளத்துக்கு இழுத்து நெம்புகோல் பூட்டால் இறுக்கிக்கொள்ளும் வகை. மற்றொன்று நண்பர் ஒருவர் கொண்டுவந்த கார்பன் இழைக் கோல். கூடாரக் கம்பியைப் போல மூன்று துண்டுகளாக மடங்கும், ஆனால் நீளத்தை மாற்ற இயலாது. நால்வரும் இவற்றை மாற்றி மாற்றிப் பிடித்து நடந்ததால், ஒரே ஆள் ஒரே கோலோடு நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காத பல செய்திகள் அன்று புலப்பட்டன. தயாரித்த நிறுவனங்களின் பெயர்களை விடுத்து, இவ்விரு வகைகளின் அமைப்பையும் அவை மலையில் நடந்துகொண்ட விதத்தையும் மட்டுமே எழுதுகிறேன். கோல் வாங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது வகையைத்தான்.

அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதையின் நீளம் 7 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் 900 மீட்டர். இத்தகைய ஏற்றத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி எங்களுக்கு மூன்று மணி நேரம் போதுமாயிருந்திருக்க வேண்டும். படிக்கட்டுகளில் முன்னால் செல்பவர்களுக்காக நின்று நின்று ஏறியதில் நான்கு மணி நேரம் பிடித்தது.

ஏற்றத்தில் கோல்கள் எந்த அளவுக்கு உதவின என்று கேட்டால், நால்வரின் விடையும் ஏறத்தாழ ஒன்றே: ஓரளவுக்கு. செங்குத்தான மண்பாதையில் கைகளும் உடலை மேலே தள்ள உதவுவதால் தொடைகளுக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. நடைக்கு ஒரு சீரான தாளம் அமைகிறது. ஆனால் கைகளும் வேலை செய்வதால் மூச்சு வாங்குவது குறைவதில்லை. சமதளத்திலோ, கோலைத் தூக்கித் தூக்கி வைக்கும் உழைப்பு கூடுதல் சுமையாகவே தெரிகிறது. ஏற்றம் எளிதாகிவிடும் என்ற எண்ணத்தோடு கோல் வாங்குபவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே அதைப் பையில் செருகிவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்படிச் செருகிவிட்டு இறங்கும்போதும் வெளியே எடுக்காமல் போகிறவர்கள், கோலின் முதன்மையான பயனைத் தொடாமலேயே திரும்புகிறார்கள்.

நீளத்தின் முக்கியத்துவம் இரண்டாவது ஓய்விடத்தில், நாங்கள் கோல்களை மாற்றிக்கொண்டபோது விளங்கியது. சமதளத்தில் முனையைத் தரையில் ஊன்றிப் பிடிக்கையில் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். நம் உயரத்தை 0.68 ஆல் பெருக்கினால் கிடைக்கும் அளவு இதற்கு அண்மையில் இருக்கும். எங்களில் மிக உயரமானவர் 188 சென்டிமீட்டர். அவருக்கு ஏறத்தாழ 128 சென்டிமீட்டர் கோல் வேண்டும். மிகக் குட்டையானவர் 155 சென்டிமீட்டர். அவருக்கு 105 போதும். மடக்குக் கோலின் நீளமோ 120 என நிலைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறிய குட்டையான தோழிக்கு ஒவ்வோர் ஊன்றலிலும் தோள்கள் மேலே எழும்பின. அரை மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் அலுமினியக் கோலை அவருக்காகக் குறைத்ததும், உயரமானவருக்காக நீட்டியதும் சில நொடி வேலையாக முடிந்தன. ஒருவர் மட்டும் பயன்படுத்தினாலும் இந்த வசதி தேவைதான். ஏறும்போது 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைத்துக்கொள்வதும், இறங்கும்போது அதே அளவு நீட்டிக்கொள்வதும் கோலின் பயனை இரட்டிப்பாக்குகின்றன. நிலைத்த நீளம் கொண்ட கோலில் இதற்கு வழியில்லை. மடக்குக் கோல்களிலும் மேல்துண்டை மட்டும் நீட்டிக் குறைக்கக்கூடியவை உண்டு; அந்த வகையை விரும்புவோர் அதைத் தேடி வாங்குவது நல்லது.

மணிக்கட்டுப் பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வழியில் நான் கவனித்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறாகவே அணிந்திருந்தார்கள். கையை மேலிருந்து பட்டைக்குள் நுழைத்துவிட்டுக் கைப்பிடியை இறுகப் பற்றுவது இயல்பாகத் தோன்றும் முறை. அதில் பட்டைக்கு ஒரு வேலையும் இல்லை, கோல் கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவே. கீழிருந்து மேலாகக் கையை நுழைத்து, பட்டையையும் சேர்த்துக் கைப்பிடியைப் பிடித்தால், உடலின் எடை மணிக்கட்டு வழியாகப் பட்டைக்குச் சென்றுவிடுகிறது. விரல்கள் கோலுக்குத் திசை காட்டினால் போதும். இந்த வேறுபாட்டைத் தோழருக்குக் காட்டியபோது, காலையிலிருந்து விரல்கள் மரத்துப்போனதற்குக் காரணம் தன் பிடிதான் என்று அவரே உணர்ந்தார். ஆனால் உதிரிக் கற்கள் நிறைந்த சரிவிலும், வழுக்கி விழ வாய்ப்புள்ள இடங்களிலும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். பட்டைக்குள் கை சிக்கிய நிலையில் விழும்போது கோல் கட்டைவிரலை வெளிப்புறமாக நெம்பி, அதன் அடியிலுள்ள தசைநாரைக் கிழித்துவிடக்கூடும். பனிச்சறுக்கு விளையாடுவோர் நன்கறிந்த காயம் இது.

கைப்பிடியில் கார்பன் கோலுக்கே என் வாக்கு. அதில் இருந்த கார்க்குப் பிடி வியர்வையிலும் வழுக்கவில்லை. என்னுடையதில் ஃபோம் பிடி. மென்மையானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் நசநசத்தது. பிடிக்குக் கீழேயும் ஒரு சாண் அளவுக்கு ஃபோம் சுற்றியிருந்தது மட்டும் பெரிய உதவி. உயரமான ஒரே ஒரு படி குறுக்கிடும்போது நீளத்தை மாற்றாமல் கையைக் கீழே நகர்த்திப் பிடித்துக்கொள்ளலாம்.

உச்சிக்கு முன்னால் பாறையில் அடித்த சங்கிலியைப் பற்றி ஏற வேண்டிய ஒரு பகுதி இருந்தது. அங்கே கோல் பகையாகிவிடுகிறது. இரு கைகளும் விடுபட வேண்டும். கார்பன் கோல் மடங்கி 40 சென்டிமீட்டருக்குள் அடங்கிப் பைக்குள்ளேயே போய்விட்டது. என்னுடையது முழுவதும் சுருக்கிய பிறகும் 65 சென்டிமீட்டர் இருந்து, பைக்கு மேலே கொம்பு போல நீட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வந்தவர் முகத்தில் பட்டுவிடுமோ என்று அந்தப் பகுதி முழுவதும் நான் அஞ்சியபடியே ஏறினேன். எடையிலும் கார்பன் கோலே மேல்: அந்த இணை 380 கிராம், என்னுடையது 520 கிராம். பாதையில் கைப்பற்று இடங்கள் பல என்றால் மடக்குக் கோலைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உச்சியில் அரை மணி நேரம் இருந்தோம். காற்று குளிர்ந்திருந்தது.

இனி இறக்கம். 900 மீட்டர் உயரத்தை, ஒரு காலடிக்குச் சராசரியாக 15 சென்டிமீட்டர் என்று இறங்கினால் 6000 முறை உடலின் முழு எடையையும் ஒற்றைக் காலில் வாங்கி நிறுத்த வேண்டும். அந்த ஒவ்வொரு முறையும் தொடையின் முன்புறத் தசை, சுருங்கித் தூக்குவதற்குப் பதிலாக, நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. இத்தகைய உழைப்பே தசையிழைகளில் நுண்ணிய சேதத்தை அதிகம் ஏற்படுத்துகிறது; மலையிலிருந்து திரும்பிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான். கோல்களை முன்னால் ஊன்றி இறங்கினால், கால் தரையைத் தொடுவதற்கு முன்பே எடையின் ஒரு பகுதியைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 25 பாகைச் சரிவில் கோலுடன் இறங்கியபோது முழங்கால் மீதான சுமை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது அளந்து காட்டப்பட்டுள்ளது. 6000 காலடிகளில் அந்தக் குறைவு எவ்வளவு பெரிதாகத் திரளும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்களுள் ஒருவருக்கு வலது முழங்காலில் பழைய காயம் உண்டு. ஊன்றுகோல் முதியவர்களுக்கானது என்ற எண்ணம் அவருக்கு இருந்ததால், காலை முழுவதும் கோலைத் தொடவில்லை. முதல் 300 மீட்டரை வெறுங்கையோடுதான் இறங்கினார். அதற்குள் காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று இறங்கும் நிலைக்கு வந்துவிட்டார். என் இணையை 8 சென்டிமீட்டர் நீட்டி அவர் கையில் கொடுத்து, இரண்டு கோல்களையும் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு வலிக்கும் காலை முதலில் வைக்கச் சொன்னேன். பத்து நிமிடங்களில் அவர் நடை மாறியது. முகத்தில் இருந்த இறுக்கமும் தளர்ந்தது. எஞ்சிய வழி முழுவதும் அவர் கோலைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே இந்தக் கோலுக்குக் கொடுத்த பணம் தகும் என்று மனமாரச் சொல்வேன்.

கார்பன் கோல்களில் ஒன்று இறக்கத்தின் பாதியில் ஒடிந்தது. முனை இரண்டு கற்களுக்கிடையே செருகிக்கொண்டது; தோழர் அதைக் கவனிக்காமல் அடுத்த அடி எடுத்து வைக்க, பக்கவாட்டு அழுத்தத்தில் கீழ்த்துண்டு படீரென்று முறிந்தது. நல்லவேளையாக அவர் விழவில்லை. கார்பன் இழை நீளவாக்கில் தரும் வலிமை வியக்கத்தக்கது. குறுக்குவாட்டு அடியையோ, முன்பே விழுந்த ஆழமான கீறலையோ அது அவ்வாறு பொறுப்பதில்லை, முன்னறிவிப்பும் தருவதில்லை. அலுமினியம் அதே நிலையில் பெரும்பாலும் வளையும். வளைந்த கோலை வைத்துக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். முறிந்த இடத்தில் ஊசி போன்ற இழைகள் துருத்திக்கொண்டிருந்ததால் அதில் ஒட்டுநாடா சுற்றிப் பையில் வைத்தோம். தோழர் மீதி வழியை ஒற்றைக் கோலோடு இறங்கினார். சமநிலைக்கு அது உதவியது, ஆனால் சுமை ஒரு பக்கமாகவே சாய்ந்ததால் இடுப்பு வலித்ததாகச் சொன்னார். இணையாக வாங்குவதற்கான காரணத்தை அன்று கண்டோம்.

என் கோலும் குறையற்றதன்று. இறக்கத்தில் ஒருமுறை, முழு எடையையும் சாய்த்தபோது கீழ்க்குழாய் இரண்டு விரற்கடை உள்ளே வழுக்கியது. நெம்புகோலின் பக்கத்திலுள்ள சிறிய திருகு நாளடைவில் தளர்வதே காரணம். ஒரு நாணயத்தால் அதை இறுக்கிய பிறகு வழுக்கவில்லை. புறப்படும் முன்பே, கோலை ஊன்றி உடலைச் சாய்த்துப் பார்த்திருந்தால் இது வீட்டிலேயே தெரிந்திருக்கும். இப்படி வெளியிலிருந்தே சரிசெய்ய முடிவதால்தான், குழாய்க்குள் மறைந்திருக்கும் முறுக்குப் பூட்டைவிட நெம்புகோல் பூட்டை நான் விரும்புகிறேன். நான் முன்பு வைத்திருந்த முறுக்குப் பூட்டுக் கோலில் மணல் புகுந்து, ஒரு நாள் இறுக மறுக்கும், மறுநாள் திறக்க மறுக்கும்.

கூட்டமுள்ள மலையில் கோல் பிடிப்பவர் பின்னால் வருபவரை ஒருபோதும் மறக்கலாகாது. டங்ஸ்டன் கார்பைடு முனை பாறையையே கீறக்கூடியது. கையை வீசி நடக்கும்போது அது பின்னால் வரும் குழந்தையின் கண்ணளவுக்கு எழும்பிவிடுகிறது. நெருக்கமான படிகளில் கோல்களை உடலோடு ஒட்டி, முனையைத் தரை நோக்கிப் பிடித்தோம். கல் படிகளில் ரப்பர் மூடியைப் போட்டுக்கொண்டோம். ஓசை அடங்குகிறது, கல்லும் தேய்வதில்லை. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஏறும் பாதையில், ஓரத்து மண்ணில் உலோக முனைகள் போடும் துளைகள் மழையில் அரிப்பாக மாறுகின்றன. பாதையின் விளிம்பில் ஊன்றாமல் நடுவிலேயே ஊன்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். என் கோலோடு வந்த ரப்பர் மூடிகளில் ஒன்று சேற்றில் உருவிக்கொண்டு போய்விட்டது. மூடி இவ்வளவு தளர்வாக இருப்பது தயாரிப்பாளர் திருத்த வேண்டிய குறை.

முழங்காலில் சிறு தொல்லையேனும் உள்ளவர், குடும்பத்தோடும் நண்பர்களோடும் கோலைப் பகிர்பவர், பாதையில் கல்லிடுக்குகள் மிகுதியாக உள்ள மலைக்குச் செல்பவர் ஆகியோருக்கு நெம்புகோல் பூட்டு கொண்ட அலுமினியக் கோலையே தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஏற்கெனவே பழகியவர், எடையைக் கிராம் கணக்கில் பார்ப்பவர், அடிக்கடி கைகளை விடுவிக்க வேண்டிய பாறை வழிகளில் செல்பவர் ஆகியோர் கார்பன் மடக்குக் கோலை வாங்கலாம்; ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அதில் கீறல் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு வேண்டும்.

திரும்பிய இரவே கோலின் குழாய்களைத் தனித்தனியே கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர வைத்தேன். ஈரத்தோடு பூட்டி வைத்தால் அலுமினியம் உள்ளே வெளுத்துப் பூத்து, குழாய்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். எண்ணெய் இடக் கூடாது, பூட்டின் பிடிப்பையே அது கெடுத்துவிடும். மறுநாள் காலை முழங்கால் காயமுள்ள நண்பர் அழைத்து, வலி இருக்கிறது, ஆனால் படியிறங்க முடிகிறது என்றார். பிறகு என் கோலின் நீளத்தை எந்த அளவில் வைத்துக் கொடுத்தேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.