சீகேட் எஸ்டி-225: இன்றைக்கும் பழுது பார்க்கத் தகுந்ததா?

ஐபிஎம் பிசி, எக்ஸ்டி காலத்துக் கணினிகளைச் சேகரிப்பவர்களிடம் அதிகம் புழங்கும் ஹார்ட் டிரைவ் இது. ஐந்தேகால் அங்குல அகலம், அரை உயரம், 2 தட்டு, 4 ஹெட், 615 சிலிண்டர், ட்ராக்குக்கு 17 செக்டர். செக்டருக்கு 512 பைட் என்று வைத்து ஹெட், சிலிண்டர், செக்டரைப் பெருக்கினால் 2,14,11,840 பைட். பேச்சு வழக்கில் 20 எம்பி. சராசரித் தேடல் நேரம் 65 மில்லிவிநாடி. விற்பனைக்கு வந்த 1980களிலேயே அது மந்தம்தான். வேகம் வேண்டியவர்கள் வேறு டிரைவ் பார்த்தார்கள். விலை கட்டுபடியாக வேண்டியவர்கள் இதை வாங்கினார்கள்.

இப்போது பழைய சந்தையில் இது பெரும்பாலும் 'சோதிக்கவில்லை' என்ற சீட்டோடு வருகிறது. அந்தச் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூடிய அறைக்குள் தட்டு கீறிப்போன டிரைவைக் காப்பாற்ற வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் 'செத்துப்போனது' என்று ஒதுக்கப்பட்டவற்றில் பல, கரண்ட் சரியாகக் கிடைக்காமல் கிடப்பவை. அதனால் டிரைவைத் தொடும் முன் பவர் சப்ளையைத் தொட வேண்டும்.

முதலில் வாட் கணக்கு. ஐபிஎம் பிசி 5150-இல் வந்த சப்ளை வெறும் 63.5 வாட். அதன் 12 வோல்ட் வழி மொத்தமே 2 ஆம்பியர். எஸ்டி-225-இன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது தனியாகவே ஏறக்குறைய அவ்வளவையும் கேட்கும்; பக்கத்தில் ஃப்ளாப்பி மோட்டாரும் இருக்கிறது. எக்ஸ்டியின் 130 வாட் சப்ளை 12 வோல்ட்டில் 4.2 ஆம்பியரும் 5 வோல்ட்டில் 15 ஆம்பியரும் தரும். இந்த டிரைவுக்கு அதுதான் பொருத்தம். 63.5 வாட் சப்ளையில் மாட்டிவிட்டு 'சுழலவில்லை' என்று டிரைவைக் குறை சொல்வது நியாயமில்லை.

சப்ளையைத் திறந்தால் முதலில் தேட வேண்டியது, மெயின்ஸ் பக்கத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி போல மினுங்கும் சதுரக் கெப்பாசிட்டர். ரிஃபா பிஎம்இ271 வகை. உள்ளே உலோகம் பூசிய காகிதம், வெளியே எபாக்சி. ஆண்டுகள் போகப் போக எபாக்சியில் மயிரிழை வெடிப்பு விழும், ஈரம் உள்ளே இறங்கும், ஒருநாள் சுவிட்ச் போட்டதும் அறை முழுக்கப் புகை. வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட் மதிப்பு, எக்ஸ்2 வகை (மெயின்ஸின் இரு கம்பிகளுக்கு இடையே போடுவது), 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல், பாலிப்ரோப்பிலீன். லைனிலிருந்து எர்த்துக்குப் போகும் இடத்தில் ஒய்2 வகை மட்டுமே. அங்கே எக்ஸ்2 போடுவது ஆளைக் கொல்லும் தவறு.

கை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டர்களைக் காலி செய்ய வேண்டும். 230 வோல்ட் மெயின்ஸில் அவை இரண்டும் சேர்ந்து சுமார் 325 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கம்பியில் கட்டி அரை நிமிடம் பிடியுங்கள், பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது சினிமா வேலை.

மாற்றிய பிறகு முதல் தடவை 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு இயக்குவது நல்லது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் பிரைமரி பக்கத்தில் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள். இந்தச் சோதனை முடிந்ததும் பல்பை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்போது லோடு கொடுத்தால் சப்ளை விட்டு விட்டுத் துடிக்கும், அதைப் பழுது என்று நினைத்துக் குழம்பிப் போவீர்கள்.

இந்தச் சப்ளைகள் வெறுமனே ஓடாது. 5 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கு மேல் லோடு வேண்டும்: 2.2 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் சரியாக இருக்கும். 12 வோல்ட்டுக்கு 12 ஓம், 25 வாட். வண்டி பல்பைப் போடுகிறவர்கள் உண்டு. குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று விழுந்துவிடும். நல்ல சப்ளையைக் கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ரெசிஸ்டர் சூட்டில் கை சுடும், அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள்.

லோடு போட்டபின் 4.75 முதல் 5.25, 11.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். சப்ளை தயார் என்று போர்டுக்குச் சொல்லும் பவர் குட் கம்பி அரை விநாடிக்குள் 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். மதிப்பு சரி, ஆனால் டிரைவ் சுழலும் நேரத்தில் 12 வோல்ட் சரிகிறது என்றால் செகண்டரி பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) ஏறியிருக்கும். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். மதர்போர்டில் சப்ளையின் பி8, பி9 கனெக்டர்கள் இரண்டையும் மாட்டும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் பக்கம் பக்கமாக வர வேண்டும். மாறினால் போர்டு போச்சு.

சப்ளை தேறியதும் டிரைவ். எதுவும் இணைக்காமல், அதன் பவர் பின்களில் மஞ்சள் கம்பி வரும் இடத்துக்கும் கறுப்புக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் 12 வோல்ட் வழியில் உள்ள டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட். இவ்வகை டிரைவ்களில் அடிக்கடி காணும் பழுது இதுதான், மலிவான பழுதும் இதுதான். 12 வோல்ட் வழியில் 16 வோல்ட் டான்டலம் போடுவது அந்தக் காலத்துப் பழக்கம், இடைவெளி போதாது. 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள். டான்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ இருப்பது பிளஸ் கால், எலக்ட்ரோலிட்டிக்குக்கு நேர் எதிர். மதர்போர்டிலும் இதே நோய் உண்டு: 5150, 5160 (எக்ஸ்டி) போர்டுகளில் மூன்று காலுள்ள 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் டான்டலம் ஷார்ட் ஆனால் சப்ளை எழவே எழாது, பழி சப்ளை மேல் விழும்.

சுழல்கிறது, ஆனால் கீச்சென்று கத்துகிறதா? அடிப்பக்கத்தில் ஸ்பிண்டில் முனையைத் தொட்டு நிற்கும் எர்த்திங் பட்டைதான் காரணம். ஸ்பிரிங் பட்டையில் ஒரு சின்ன ரப்பர் துண்டை ஒட்டினால் அதிர்வு அடங்கும். பிடுங்கி எறியாதீர்கள்; தட்டில் சேரும் ஸ்டாட்டிக் இறங்கும் வழி அது. சுழலவே இல்லை, வோல்ட்டேஜ் எல்லாம் சரி என்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம். கரண்ட்டை நிறுத்தி, டிரைவை இரு கையால் பிடித்து, ஸ்பிண்டிலை அச்சாக வைத்து வெடுக்கென்று கால் சுற்று திருப்புங்கள். மேசையில் தட்டக் கூடாது.

இணைப்பில் ஒரு பொறி. 34 முனை ரிப்பன் கேபிள் ஃப்ளாப்பிக்கும் ஹார்ட் டிரைவுக்கும் பார்வைக்கு ஒன்றுதான். ஃப்ளாப்பி கேபிளில் முறுக்கு 10 முதல் 16 வரையான கம்பிகளில், ஹார்ட் டிரைவ் கேபிளில் 25 முதல் 29 வரையானவற்றில். மாறி மாட்டினால் எக்ஸ்டி 1701 என்ற ஹார்ட் டிரைவ் பிழை காட்டும், டிரைவில் ஒரு குறையும் இருக்காது. முறுக்குக் கேபிள் என்றால், டிரைவின் எண்ணைக் குறிக்கும் ஜம்பர் இரண்டாம் இடத்தில். கேபிளின் கடைசி டிரைவில் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் பேக் இருக்கட்டும்.

பழைய தரவு வேண்டுமென்றால் ஃபார்மேட்டுக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள். பீகிள்போன் என்ற சிறு கணினியில் இயங்கும் டேவிட் கெஸ்வைனின் எம்எஃப்எம் (இந்த டிரைவ் தரவைப் பதியும் முறை) போர்டு, காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். கண்ட்ரோலர் படிக்க மறுத்த செக்டரும் சில சமயம் அதில் கிடைக்கும்.

பிறகு லோ லெவல் ஃபார்மேட், அதாவது தட்டில் செக்டர்களைப் புதிதாக வரைவது. இதில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ட்ராக் எங்கே என்று திரும்பிப் பார்க்கும் அமைப்பு இல்லை. சூட்டில் உலோகம் விரிந்தால் ஹெட் நிற்கும் இடம் தள்ளிப்போகும். ஆகவே கேஸில் எப்படி நிற்கப்போகிறதோ அதே நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் வகை 8 பிட் கண்ட்ரோலர்களில் டாஸின் டீபக் நிரலைத் திறந்து ஜி=சி800:5 அடியுங்கள். லேபிளில் உள்ள கெட்ட ட்ராக் பட்டியலைத் தவறாமல் கொடுங்கள். இன்டர்லீவ் (அடுத்த எண் செக்டர் எத்தனை இடம் தள்ளி வரும் என்பது) 3 வையுங்கள். ஐபிஎம்மின் சொந்த எக்ஸ்டி கண்ட்ரோலர் 6 கேட்கும். பேராசையில் 1 வைத்தால், ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு முழுச் சுற்று காத்திருந்து ஒரு ட்ராக்குக்கு 17 சுற்று ஆகும்: காகிதக் கணக்கில் விநாடிக்கு 30 கேபி. 3 என்றால் 174. அதே தட்டில் தரவை நெருக்கி எழுதும் ஆர்எல்எல் கண்ட்ரோலரில் மாட்டி 30 எம்பி எடுக்கும் ஆசையும் வேண்டாம். அதற்கென்று சோதித்து விற்றது எஸ்டி-238ஆர்.

குறை என்று பார்த்தால், ஹெட்டைத் தரவில்லாத இடத்துக்குத் தானே ஒதுக்கும் ஆட்டோ பார்க் இல்லை. நிறுத்தும் முன் பார்க் நிரலை ஓட்டாவிட்டால் ஹெட் தரவின் மேலேயே இறங்கும். சத்தமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பழுது பார்ப்பவருக்கு இது தோதான டிரைவ். குவாண்டம் புரோடிரைவில் உள்ளிருக்கும் ரப்பர் இளகிப் பிசினாகி ஹெட்டைப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறக்காமல் தீராது. இங்கே டான்டலம், பட்டை, கேபிள் எல்லாமே வெளியில்.

தினமும் ஓட்ட வேண்டிய எக்ஸ்டிக்கு எக்ஸ்டி-ஐடிஈ என்ற டிஸ்க் கண்ட்ரோலர் கார்டும் காம்பேக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டும் போதும். இயங்கும் சத்தத்தோடு, அன்று இருந்தபடி ஒரு எக்ஸ்டியை நிறுத்த வேண்டும் என்பவர் எஸ்டி-225 வாங்கலாம். வாங்கும்போது கையில் எடுத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே ஏதாவது கலகலத்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.