கலப்பினப் பசுவா, முர்ரா எருமையா, நாட்டு மாடா: பால் பண்ணையைப் பிழைப்பாகக் கொள்ள நினைப்போருக்கு ஓர் ஒப்பீடு

பால் பண்ணை வைத்துப் பிழைக்க முடியுமா என்று விசாரித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மாடு அதிகம் கறக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குச் சந்தையில் உடனே விடை கிடைத்துவிடும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போதே, "நேரத்துக்கு எட்டு லிட்டர், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம்" என்று தரகர் சொல்லிவிடுவார். ஆனால் மாடு கறக்கும் நாளில் மட்டுமல்லாமல் கறவை வற்றி நிற்கும் நாளிலும் தின்கிறது. எனவே, ஓர் ஈத்துக்கும் (ஒரு முறை கன்று ஈனுவதற்கும்) அடுத்த ஈத்துக்கும் இடையில் எத்தனை நாட்கள் கழிகின்றன, ஈத்து முழுவதும் கறந்த பாலை அத்தனை நாட்களுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகே மூன்று வகைகளையும் நிறுத்தி ஒப்பிட முடியும். தாராபுரம் பகுதியில் இந்த மூன்றையும் வெவ்வேறு காலத்தில் கட்டிக் கறந்தவன் என்ற முறையில், நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட அந்தக் கணக்கையே இங்கு அளவுகோலாக வைக்கிறேன்.

விலையிலிருந்து தொடங்குவது நல்லது. 2022 நவம்பரில் ஆவின் தன் கொள்முதல் விலையைப் பசும்பாலுக்கு லிட்டருக்கு 35 ரூபாயாகவும் எருமைப்பாலுக்கு 44 ரூபாயாகவும் உயர்த்தியது. 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்தது. ஆக, அப்போதைய விலையான 38 ரூபாய், 47 ரூபாய் என்றே இந்தக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த விலை பாலின் அளவுக்கு மட்டும் கொடுக்கப்படுவதன்று. கொழுப்புச் சத்தையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சோதித்து, தரம் குறைந்தால் அதற்கேற்பக் குறைத்தே தருவார்கள். கலப்பினப் பசுக்களுக்குள்ளேயே தேர்வு செய்யும்போது பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு பெரிய உடம்புடன் நிற்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் என்ற வெளிநாட்டு இனத்தின்) கலப்பினம் நாளுக்குப் பதினைந்து லிட்டர் கறந்தாலும், அதன் பாலில் கொழுப்பு மூன்றரை சதவீதத்தை ஒட்டியே நிற்கும். சிறிய உடம்புடைய ஜெர்சி கலப்பினம் பத்து லிட்டர்தான் கறக்கும். ஆனால் கொழுப்பு நாலரையை எட்டும், தீவனமும் குறைவாகவே தின்னும், சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டு நிற்காது. மலைப்பகுதிக்கு எச்.எஃப்., சமவெளிக்கு ஜெர்சி என்பதுதான் தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கையும். சமவெளியில் மின்விசிறியும் தண்ணீர் தெளிப்பானும் வைத்துக் கொட்டகை கட்ட வசதியில்லாதவர்கள் எச்.எஃப். பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

இனி ஈத்துக் கணக்கு. எடுத்துக்காட்டாக ஒரு ஜெர்சி கலப்பினப் பசு 300 நாட்கள், சராசரியாக ஒன்பது லிட்டர் கறக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 2,700 லிட்டர். அது பதின்மூன்று மாதத்தில், அதாவது 395 நாட்களில் அடுத்த கன்றை ஈன்றுவிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 260 ரூபாய் வரவு. உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது பசுவுக்கு அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) வைக்கும் வழக்கமான அளவு. கிலோ 30 ரூபாய் என்றும், வற்றிய நாட்களில் இரண்டு கிலோ என்றும் வைத்தால், ஈத்து முழுவதற்கும் சராசரியாக நாளுக்கு 131 ரூபாய் தீவனத்துக்குப் போகிறது. பசுந்தீவனமும் வைத்தியமும் ஆள் உழைப்பும் சேராமல் மிச்சம் 129 ரூபாய். அதே பசு சினை பிடிக்கத் தாமதமாகி, அடுத்த கன்றை ஈனப் பதினெட்டு மாதம் ஆகிவிட்டால், கறவை அறுபது நாள் நீண்டு மொத்தப் பால் 3,000 லிட்டராக உயர்ந்தாலும், 540 நாட்களுக்குப் பங்கிடும்போது மிச்சம் 94 ரூபாயாகச் சரிந்துவிடுகிறது. ஒரு மாட்டுக்கு நாளுக்கு 35 ரூபாய் என்பது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஐந்து மாடு வைத்திருப்பவருக்கு அது ஆண்டுக்கு 63,000 ரூபாய்க்கு மேல். ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமும் பண்டிகைச் செலவும் அதற்குள் அடங்கும்.

இந்த இழப்பு எங்கே நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் புரியும். சினை பிடிக்காத பசு 21 நாட்களுக்கு ஒரு முறை சினைப்பருவத்துக்கு வரும். விடியற்காலை நான்கரை மணிக்குக் கறக்கப் போகும்போது, படுத்திருந்த மாடு எழுந்த இடத்தில் கண்ணாடி போன்ற வழும்பு கிடக்கும். அது வாலிலும் ஒட்டியிருக்கும். மாடு கத்தும், தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும், பால் ஒரு லிட்டர் குறையும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்பது கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. முதல் ஆண்டில் எனக்கு அந்த வழும்பை அடையாளம் காணத் தெரியவில்லை. சாணத்தோடு சேர்த்துக் கழுவிவிட்டு, மாடு ஏன் சினை பிடிக்கவில்லை என்று மருத்துவரிடம் போய் நின்றேன். நான்கு பருவங்கள், எண்பத்து நான்கு நாட்கள், அப்படியே தண்ணீரோடு போயின. கலப்பினப் பசுவைத் தேர்ந்தெடுப்பவர் பால் கறக்கக் கற்றுக்கொள்வதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். தாது உப்புக் கலவையைத் தினமும் தவறாமல் வைப்பதும், ஒவ்வொரு மாட்டுக்கும் பருவம், ஊசி, சினைப் பரிசோதனை ஆகியவற்றின் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் இதன் பகுதிதான்.

முர்ரா எருமைக்கு வருவோம். சினைக்காலம் பசுவுக்கு ஏறத்தாழ 280 நாட்கள் என்றால் எருமைக்கு 310 நாட்கள். தொடக்கத்திலேயே ஒரு மாதம் பின்தங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எருமை பருவத்தை வெளியில் காட்டாமல் இருப்பது. கோடையில் பெரும்பாலானவை காட்டவே காட்டா. காட்டினாலும் நள்ளிரவில் காட்டி விடிவதற்குள் அடங்கிவிடும். எனவே பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று என்பதே எருமைக்கு நல்ல கணக்கு. 290 நாட்கள் சராசரியாக ஏழு லிட்டர் என்று கொண்டால் 2,030 லிட்டர்; 450 நாட்களுக்குப் பங்கிட்டு, ஆவினுக்குப் பால் வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் 47 ரூபாய் விலையில் பார்த்தால் வரவு 212 ரூபாய், கொழுப்பு மிகுந்த பாலுக்கு வைக்கும் கூடுதல் அடர்தீவனம் போக மிச்சம் 84 ரூபாய். சங்கத்தில் மட்டுமே பால் ஊற்றப் போகிறவருக்கு, லிட்டருக்கு 9 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும், எருமை ஜெர்சிக்கு ஈடாகாது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

ஆனால் சங்க விலையை மட்டும் வைத்து எருமையைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஆறு, ஏழு சதவீதம் கொழுப்புள்ள பாலைத் தேடி வாங்கும் தேநீர்க் கடைகளும் இனிப்புக் கடைகளும் பக்கத்தில் இருந்து, லிட்டருக்கு 70 ரூபாய் என்று பேசிக்கொள்ள முடிந்தால், அதே எருமையின் மிச்சம் நாளுக்கு 188 ரூபாயாக உயர்கிறது. அமராவதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். பசு மூக்கைச் சுளிக்கும் முரட்டுத் தீவனத்தையும் எருமை உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். 2022-இல் தோல் கழலை நோய் நாடெங்கும் பரவியபோது பசுக்கள் பட்ட பாட்டை எருமைகள் அந்த அளவுக்குப் படவில்லை. வயதாகிக் கறவை நின்ற பிறகும் சந்தையில் எருமையின் விலை அதிகம் விழுவதில்லை என்பதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

எருமையின் உண்மையான விலை ஆள் விஷயத்தில் இருக்கிறது. எங்கள் கொட்டகையில் இருந்த முதல் முர்ரா என் தாயாரின் கைக்கு மட்டுமே பால் விட்டது. அவர் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாட்களில், நான் கன்றை விட்டுப் பார்த்தேன், பருத்திக்கொட்டை வைத்துப் பார்த்தேன், அவருடைய பழைய சேலையைத் தோளில் போட்டுக்கொண்டும் உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரம் காம்பைத் தடவியும் அரை லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. கன்று இறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் இறந்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து முன்னால் நிறுத்திக் கறந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே வேலைக்கு ஆள் வைத்துப் பண்ணை நடத்த நினைப்பவர்கள், ஆள் மாறும்போதெல்லாம் பாலை இழக்கத் தயாராக இல்லையென்றால், எருமையைக் கட்டாமல் இருப்பது நல்லது. வீட்டில் ஒருவர் நிலையாக இருந்து கறக்கக்கூடிய குடும்பத்துக்கும், நீர்நிலை பக்கத்தில் உள்ள ஊருக்கும் அது நன்றாகவே பொருந்தும்.

மூன்றாவது, நாட்டு மாடு. இதைப் பற்றிப் பேசும்போது உணர்ச்சியும் கணக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன; இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் அந்த மாட்டுக்கே நாம் செய்யும் மரியாதை. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய ஐந்தும் உழவுக்கும் வண்டிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனங்கள். காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறப்பது அதன் குறையன்று. அதனிடம் யாரும் பால் கேட்டு வளர்க்கவில்லை. 200 நாட்கள் இரண்டரை லிட்டர் என்று 500 லிட்டர் கறந்து, அதை நகரத்தில் லிட்டர் 100 ரூபாய்க்கே விற்றாலும், 450 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 111 ரூபாய்தான் வரும். கொட்டகையில் கட்டி வைத்து விலைக்கு வாங்கிய தீவனம் போட்டால் அந்தத் தொகையில் எதுவும் மிஞ்சாது.

கொறங்காடு வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. கிளுவை வேலியடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல் மரமுமாக, மானாவாரி நிலத்தையே மேய்ச்சல் காடாக வைத்திருக்கும் முறை அது. காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டால், மாலையில் மாடுகள் தாமே படலுக்கு வந்து நிற்கும். தீவனச் செலவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. அங்கே வருமானம் பாலில் இல்லை, கன்றில் இருக்கிறது. நல்ல லட்சணமுள்ள காளைக்கன்றுக்குக் கிடைக்கும் விலை, அந்தத் தாய்ப்பசுவின் ஓர் ஈத்துப் பாலின் விலையைத் தாண்டும். அதை இனவிருத்திப் பண்ணை என்று சொல்லலாம். பால் பண்ணை என்று சொல்லிக் கடன் வாங்கித் தொடங்கினால் தவணை கட்ட முடியாது. கிர், சாகிவால் போன்ற வடமேற்கு இனங்கள் இவற்றைவிட அதிகம் கறப்பவை என்பது உண்மை. ஆனால் அவற்றுக்குக் கேட்கப்படும் விலை பெரும்பாலும் ஏ2 பால் (பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகையைக் குறிக்கும் அடையாளம்) என்ற பெயருக்கான விலை. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உறைகளில் ஏ1, ஏ2 என்று அச்சிடக் கூடாது என அறிவித்து, சில நாட்களுக்குள் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அப்படி ஒரே வாரத்தில் ஆடிப்போகக்கூடிய ஒரு பெயரை நம்பி, லட்சக்கணக்கில் முதலைப் போட யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன்.

மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்து, அரை ஏக்கரிலாவது கம்பு நேப்பியர் புல் போட முடிந்து, பக்கத்தில் சங்கம் இருக்கும் ஒருவருக்கு ஜெர்சி கலப்பினமே முதல் தேர்வு. அதில் ஒரு ரகமான கோ-4 புல்லை நட்டு 75 அல்லது 80 நாட்களில் முதல் அறுப்பும், பிறகு 45 நாட்களுக்கு ஓர் அறுப்புமாக எடுக்கலாம். வளர்ந்த மாட்டுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். புல்லை நட்டு முதல் அறுப்பைப் பார்த்த பிறகே மாட்டுக்குப் பணம் எடுக்க வேண்டும். மாட்டைக் கட்டிவிட்டுப் புல் தேடிப் போனவர்கள், எங்கள் பக்கத்தில் இரண்டு ஆண்டு தாண்டியதை நான் பார்க்கவில்லை.

வாங்கும்போது முதல் ஈத்தைவிட இரண்டாம் ஈத்து மாட்டைப் பார்ப்பது பாதுகாப்பானது. மடி, காம்பு, கறவைக் குணம் எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். சந்தைக்கு வரும் மாட்டை முந்தின வேளை கறக்காமல் மடியை நிறைய விட்டுக் கொண்டுவருவது பழைய வழக்கம். நான் வாங்கிய முதல் மாடு அப்படி வந்ததுதான். வீட்டுக்கு வந்த மறுநாள்தான் ஒரு காம்பு அடைத்திருப்பது தெரிந்தது. எனவே கூடியவரை விற்பவரின் தொழுவத்துக்கே போய், மாலையில் ஒரு முறை முழுதாகக் கறக்கச் சொல்லி, அங்கேயே தங்கி மறுநாள் காலையிலும் மாலையிலும் கறந்து அளந்து, நான்கு காம்பிலும் முதல் பீச்சை உள்ளங்கையில் விட்டுத் மடிநோயின் அறிகுறியாகத் திரி திரியாக வருகிறதா என்று பார்த்து, பிறகு முன்பணம் கொடுப்பது சரி. ஒரே நாளில் ஐந்து மாடுகளையும் வாங்கிவிட்டால் ஐந்தும் ஒரே மாதத்தில் வற்றும். முதலில் இரண்டு, அவை சினை பிடித்தது உறுதியான பிறகு, ஐந்தாறு மாதம் கழித்து இன்னும் இரண்டு என்று ஈன்ற மாதங்களைத் தள்ளித் தள்ளி அமைத்தால், ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் சங்கத்துக்குக் கேன் போய்க்கொண்டிருக்கும்.