பேராதனை மாணவருக்கு நோய் வந்தால் எந்த வாசல்? சுகாதார நிலையம், அரச ஆஸ்பத்திரி, தனியார் வைத்தியர், வீடு: ஓர் ஒப்பீடு

மலையகத் தோட்டங்களிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும், அனுமதிக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து விடுதி, சாப்பாடு, பஸ் காசு, மகாபொல உதவித்தொகை என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறார்கள். நோய் வந்தால் எங்கே போவது, அதற்கு என்ன செலவாகும் என்பதை மட்டும் நோய் வந்த பிறகே யோசிக்கிறார்கள். பேராதனையில் படிக்கும் ஒருவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் ஒன்று. பேராதனை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரிகள் இரண்டாவது. நகரத்துத் தனியார் வைத்தியரும் தனியார் ஆஸ்பத்திரியும் மூன்றாவது. பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ மருந்து எடுப்பது நான்காவது. இவற்றுள் சுகாதார நிலையத்தையே முதல் வாசலாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்தின் தரத்தில் அதற்குத் தனிச்சிறப்பு எதுவும் கிடையாது. ஆனால் நோயினால் ஒரு மாணவருக்கு ஏற்படும் இழப்பில் பெரிய பங்கு பாமசியில் போவதில்லை, பரீட்சை மண்டபத்தில் போகிறது. அந்த இழப்பைத் தடுக்கும் அதிகாரம் இந்த வாசலில்தான் இருக்கிறது.

முதலில் காசைப் பார்ப்போம். அரச பல்கலைக்கழகத்தின் சுகாதார நிலையத்தில் மாணவரிடம் வைத்தியரைப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே இருப்பில் உள்ள மருந்துக்கும் காசில்லை. மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். அரச ஆஸ்பத்திரியிலும் அப்படியே. வெளிநோயாளர் பிரிவானாலும் வாட்டானாலும் சத்திரசிகிச்சையானாலும் பில் வராது. ஆகவே காசை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்விரண்டும் சமம். தனியாரிடம்தான் கணக்கு மாறுகிறது. விசேட வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டி நேரம் பதிந்து தனியாகப் பார்த்தால், அவருடைய கட்டணமும் ஆஸ்பத்திரிக் கட்டணமும் சேர்ந்து தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டிவிடும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது என்பதை நினைவில் கொண்டால், அம்மா ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்த கூலி ஒரு சில நிமிட ஆலோசனைக்குப் போதாது என்பது விளங்கும். மகாபொல உதவித்தொகை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதை வைத்து மாதம் முழுவதும் சாப்பிட்டு, நிழற்பிரதி எடுத்து, லீவுக்கு வீட்டுக்கும் போய்வரும் ஒருவர், ஒரு சனலும் இரண்டு இரத்தப் பரிசோதனையும் செய்தால் அந்த மாதப் பணத்தில் பாதியை இழந்து நிற்பார்.

கண்ணுக்குத் தெரியும் செலவு இவ்வளவுதான். தெரியாத செலவு, மாணவர் பேச்சில் ‘மெடிக்கல் போடுவது’ என்று சொல்லப்படும் காரியத்தில் இருக்கிறது. நோயினால் பரீட்சைக்குப் போக முடியாமற்போனால், அந்த நோய்க்கான வைத்தியச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்த முறை எழுதும் பரீட்சை முதல் தடவையாகக் கொள்ளப்படும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அது ரிப்பீட், அதாவது மறுமுறை எழுதும் பரீட்சை. ரிப்பீட் எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக சி தரத்துக்கு மேல் கிடைக்காது. ஒரே ஒரு பாடத்தில் இப்படி விழும் சி, பட்டத்தோடு கிடைக்கும் முதலாம், இரண்டாம் வகுப்புச் சித்தியைத் தட்டிப் பறித்துவிடக்கூடும். வகுப்புச் சித்தி இல்லாமற்போனால் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் அதனோடு போகும். விரிவுரைகளுக்கும் ஆய்வுகூட வகுப்புகளுக்கும் கேட்கப்படும் 80 வீத வரவுக்கும் இதே சான்றிதழ்தான் துணை.

இந்தச் சான்றிதழ் விஷயத்தில் நான்கு வழிகளும் ஒன்றல்ல. பல்கலைக்கழக வைத்திய அதிகாரி தாமே நோயாளியைப் பார்த்து எழுதிக்கொடுப்பது நேரடியாகப் பீடத்துக்குப் போகும். அதில் கேள்வி எழுவது அரிது. அரச ஆஸ்பத்திரிச் சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதைக் குறித்த காலத்துக்குள் சுகாதார நிலையத்தில் கொடுத்து, வைத்திய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும். எத்தனை நாள் என்பதும், யாரிடம் கொடுப்பது என்பதும் பீடத்துக்குப் பீடம் வேறுபடும். உங்கள் பீடத்து மாணவர் கைந்நூலில் அது அச்சிடப்பட்டிருக்கும், நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். தனியார் வைத்தியரின் சான்றிதழ் கடுமையாகச் சோதிக்கப்படும், தள்ளப்படவும் கூடும். தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதித் தரும் துண்டு, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு வராததற்குக் காரணம் காட்ட உதவலாம். பரீட்சைக் கிளையில் அதை வைத்துக்கொண்டு பேச முடியாது. காய்ச்சலோடு ஊருக்குப் போய், இரண்டு வாரம் படுத்தெழுந்து, கையில் ஒரு துண்டோடு திரும்பி வரும் முதலாம் வருடப் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுவே. இவர்களிடம் பொய் கிடையாது. நோயும் உண்மை, படுத்ததும் உண்மை. காகிதம்தான் சரியான வாசலால் வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் சேரும்போது எல்லோருக்கும் வைத்தியப் பரிசோதனை நடக்கிறது. அதைப் பெரும்பாலானோர் பதிவுச் சடங்குகளில் ஒன்றாக நினைத்து, பழைய நோய்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சிறுவயதில் செய்த சத்திரசிகிச்சை, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றை அன்றே சொல்லிப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது பின்னாளில் பெரிய உதவி. படிப்புக் காலம் முழுவதற்கும் அந்தப் பதிவு அங்கே இருக்கும். வலிப்பு இருக்கிறதென்று தெரிந்தால் விடுதியில் இடம் தரமாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. ஆனால் மறைத்த நோயால் நடு இரவில் விடுதிக் கட்டிலிலிருந்து விழும் பிள்ளையின் அறைத்தோழிக்கு, என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

சுகாதார நிலையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் அலுவலக நேரத்துக்குக் கட்டுப்பட்ட இடம். இரவிலும் வார இறுதியிலும் அதை நம்பியிருக்க முடியாது. காய்ச்சல், இருமல், வயிற்றெரிவு, சொறி, சிறு காயம் போன்றவற்றுக்கு அது போதும். விசேட வைத்தியமோ, ஸ்கேன் போன்ற படப் பரிசோதனையோ வேண்டுமானால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். அப்படி அனுப்பும்போது தரும் கடிதம் பெறுமதியானது. வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்க, கடிதத்தோடு போகிறவரை உரிய கிளினிக்குக்கு அனுப்புவது எளிதாகிறது.

அரச ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை பேராதனை மாணவர்கள் பாக்கியசாலிகள். போதனா வைத்தியசாலை கொழும்பு வீதியிலேயே, வளாகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பல் நோய்க்கென்று தனியாகப் பல் போதனா வைத்தியசாலையும் பேராதனையிலேயே இருக்கிறது. மருத்துவ பீடத்துப் பேராசிரியர்களே விசேட வைத்தியர்களாகக் கடமையாற்றும் இடம் என்பதால், தனியாரிடம் காசு கொடுத்துப் பார்க்கும் அதே வைத்தியரை இங்கே கிளினிக் நாளில் காசின்றிப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. விலையாகக் கொடுப்பது நேரத்தை. காலையில் போய் நம்பர் எடுத்து, வாங்கில் வரிசையாக நகர்ந்து, வைத்தியர் எழுதிய துண்டைக் கொண்டுபோய் மருந்து ஜன்னலில் மறுபடியும் வரிசையில் நின்று, சிறிய காகிதக் கவர்களில் குளிசைகளை வாங்கி வெளியே வரும்போது பெரும்பாலும் அரை நாள் போயிருக்கும். அந்தக் கவரின் மேல் எத்தனை, எத்தனை வேளை என்று எழுதியிருப்பதை ஜன்னலை விட்டு நகருமுன்னே வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், அதற்காகக் கேட்காமல் வந்து, சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டியதை வெறும் வயிற்றில் போடக் கூடாது.

மொழியும் இந்த ஒப்பீட்டில் ஒரு செலவே. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும், வெளிநோயாளர் பிரிவில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய சிங்கள வைத்தியருக்கு முன்னால் தமிழ்ப் பிள்ளை தடுமாறத்தான் செய்கிறது. சிங்களம் தெரிந்த தோழியை அழைத்துப் போகலாம், ஆனால் மாதவிடாய்க் கோளாறையோ மன உளைச்சலையோ தோழி மூலமாகச் சொல்ல எல்லோராலும் முடியாது. காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எவ்வளவு ஏறியது, என்ன மருந்து எடுத்தோம் என்பதை எளிய ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்ல பலன் தரும். சுகாதார நிலையத்தில் கூட்டம் குறைவு. ஆறுதலாகச் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. எனக்கு இந்த ஒரு காரணமே, முக்கியமாக நம் பெண் பிள்ளைகள் விஷயத்தில், அதை முன்னே வைக்கப் போதுமானது. இரத்தசோகை நம் தோட்டங்களில் பெண்களிடம் பரவலாக இருக்கும் நோய். களைப்பையும் தலைச்சுற்றையும் படிப்புக் களைப்பென்று ஒதுக்கிவிட்டு வருடக்கணக்காக இருக்கிறவர்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்துக் குளிசையும் பெரும்பாலும் போதும், அதற்குச் சனல் வேண்டியதில்லை.

தனியாரிடம் போகவே கூடாதென்று நான் சொல்லவில்லை. இரண்டு சமயங்களில் அது காசுக்கு ஈடாகிறது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போன்ற நாட்களில் சிறு நோய்க்குப் பக்கத்து வைத்தியரைப் பார்ப்பது. மற்றது, இரத்தப் பரிசோதனையை உடனே செய்து ரிப்போர்ட்டை அன்றே கையில் எடுப்பது; டெங்குக் காலத்தில் இது உயிர் காக்கும். டெங்குப் பரிசோதனைக்கும் முழு இரத்தக் கணிப்புக்கும் தனியார் லெப்புகள் எடுக்கக்கூடிய உச்ச விலையை அரசாங்கம் நிர்ணயித்திருக்கிறது என்பதால், காசு கட்டுமுன் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம். வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக்கொடுக்கும் மருந்துக்கு முதலில் அரச ஒசுசலவைப் பாருங்கள். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடை அது. அந்தக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, பேராதனை மருத்துவ பீடத்தின் முதலாவது பீடாதிபதியும் ஆவார். வர்த்தகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரில் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டால் விலை இறங்கும்.

வீட்டுக்குப் போவதுதான் மனதுக்கு இதமான வழி, ஆபத்தானதும் அதுவே. கஞ்சி வைத்துத் தர அம்மா இருக்கிறார், தமிழில் பேசலாம் என்பதெல்லாம் உண்மை. அம்மை போட்டால், வைத்திய அதிகாரியைப் பார்த்துச் சான்றிதழுக்கு ஒழுங்கு செய்தபின் வீட்டுக்குப் போவதே விடுதிக்கும் நல்லது. ஆனால் காரணம் தெரியாத காய்ச்சலோடு ஹட்டனுக்கோ மஸ்கெலியாவுக்கோ பல மணி நேரம் பஸ்ஸில் போகக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே அபாயமான நாள். சுகமாகிவிட்டதென்று நினைத்துப் பயணம் தொடங்குகிறவருக்கு வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் வழியில் வந்தால் கினிகத்தேனை வளைவுகளில் என்ன செய்வது? காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். இபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் பரிசோதித்தே ஆக வேண்டும். இரவில் நிலைமை மோசமானால் விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லி 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

மன உளைச்சலுக்கும் முதல் வாசல் சுகாதார நிலையமும் பீடத்து மாணவர் ஆலோசகருமே. வளாகத்தில் யாரிடமும் சொல்ல மனம் வராதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். அவர்களுக்கு அரச ஆஸ்பத்திரி என்பது பதுளை போதனா வைத்தியசாலை. எந்த வளாகமானாலும், நீண்ட லீவு தொடங்குமுன் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் ஒரு காரியம் செய்துகொள்ள வேண்டும். லீவு முடியும்வரைக்கும் போதுமான மருந்தையும், நோயையும் மருந்தின் அளவையும் குறித்த ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போனால், டிக்கோயா ஆஸ்பத்திரியிலோ நாவலப்பிட்டியிலோ நுவரெலியாவிலோ அதைக் காட்டி அதே மருந்தைத் தொடர்ந்து எடுக்கலாம். லீவில் புதிதாக நோய் வந்து அங்கே வாட்டில் தங்க நேர்ந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய்நிர்ணய அட்டையின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, மூலப் பிரதியைத் திரும்பி வந்தவுடன் சுகாதார நிலையத்தில் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.