கறுப்பனுக்கு வாங்கிய தேங்காய் எண்ணெய்

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் செக்கெண்ணெய் விற்கிற சின்னக் கடையில் அரைப் போத்தல் வாங்கினேன், எங்கள் நாய் கறுப்பனுக்காக. தை மாசப் பனியில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சிமெந்து வாசலிலேயே படுத்துப் படுத்து, முழங்கையும் பாதமும் காய்ந்து வெடித்திருந்தன. எண்ணெய் நல்ல சுத்தம். மூடியைத் திறந்ததும் தேங்காய் வாசம், காறல் துளியும் இல்லை. 24 பாகை செல்சியஸ் அளவில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும், அதனால் இங்கே காலையில் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டிதான். கலப்படம் என்று பயப்பட வேண்டாம். சுடுதண்ணியில் கொஞ்சநேரம் வைத்தால் இளகிவிடும்.

இரவில் பாதத்தில் ஒரு சொட்டு தேய்த்து, நக்காமல் இருக்க பத்து நிமிஷம் மடியில் பிடித்துக்கொள்வேன். மூன்று கிழமையில் வெடிப்பு மூடி, பாதம் மெத்தென்று ஆனது.

அம்மாயி பாசத்தில் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் முழுக்க வயிற்றோட்டம். அத்தனையும் கொழுப்பு, நாயின் வயிறு தாங்கவில்லை.

காதோரம் முடி கொட்டிச் சொறி வந்தபோதும் எண்ணெயை நம்பி ஒரு கிழமை போக்கினேன். அது என் தவறு. தோலுக்குள் துளைக்கிற பூச்சி அது. மிருக வைத்தியர் கொடுத்த மருந்தில்தான் அடங்கியது. போத்தலில் இன்னும் கால்வாசி இருக்கிறது, பாதத்துக்கு மட்டும் எடுக்கிறேன்.