குட்ரீட்ஸா, ஸ்டோரிகிராஃபா? சரித்திர நாவல் வாசகர்களுக்கான வாசிப்பு இலக்கு ஆப்கள்: ஒரு விமர்சனம்

பொன்னியின் செல்வன் ஒரு புத்தகமா, ஐந்து புத்தகமா? வாசிப்பு இலக்கு வைக்க உதவும் எந்த ஆப்பையும் எடைபோட இந்த ஒரு கேள்வி போதும். குட்ரீட்ஸில் இரண்டு விதமாகவும் இருக்கிறது. ஐந்து பாகங்களும் தனித்தனிப் பதிவாக உண்டு, மொத்தமாகச் சேர்த்த தொகுப்பும் உண்டு. பாகம் பாகமாகச் சேர்த்தால் ஆண்டுக் கணக்கில் ஐந்து ஏறும். தொகுப்பாகச் சேர்த்தால் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துவிட்டால் ஆறு!

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சரித்திர நாவல்களை விடாமல் படிப்பவர்கள் பலர் இப்போது வாட்ஸ்அப் குழுவில் "என்ன ஓடிக்கிட்டிருக்கு?" என்று கேட்டுப் பகிர்வதோடு நிற்காமல் ஆண்டு இலக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் ஆப் கேட்கும் எண்ணை அப்படியே இலக்காக எடுத்துக்கொண்டால் சரித்திர நாவல்தான் முதலில் அடிபடும். காவல் கோட்டம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். ஆப்பின் கணக்கில் அதுவும் ஒன்று, எண்பது பக்கக் குறுநாவலும் ஒன்று. ஆண்டுக்கு 50 என்று போட்டுவிட்டவர் ஐப்பசி வாக்கில் பின்தங்கியதும் என்ன செய்வார்? கையில் இருக்கும் பெரிய நாவலைப் பாதியில் வைத்துவிட்டு ஒல்லியான புத்தகங்களைத் தேடுவார். எண்ணிக்கை நிறைந்துவிடும். எடுத்த நாவல் அப்படியே நிற்கும்.

முதலில் குட்ரீட்ஸ். இதில் இலக்கு வைப்பது சுலபம். கணக்குத் தொடங்கி, 'ரீடிங் சேலஞ்ச்' பக்கத்தில் இந்த ஆண்டுக்கு எத்தனை புத்தகம் என்ற எண்ணை இட்டால் போதும். எண்ணைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. புத்தகத்தைத் தேடி 'படித்துக்கொண்டிருக்கிறேன்' அலமாரியில் போட்டு, அவ்வப்போது பக்க எண்ணையோ சதவீதத்தையோ ஏற்றிக்கொண்டே போகலாம். நண்பர்களுக்கு அது தெரியும். யார் எந்தப் பாகத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்க இது நன்றாகவே உதவுகிறது. தமிழ் சரித்திர நாவல்களுக்குத் தமிழிலேயே எழுதிய வாசகர் குறிப்புகளும் கணிசமாகக் கிடைக்கின்றன. அடுத்து என்ன எடுப்பது என்று முடிவுசெய்ய அவை கைகொடுக்கும்.

சிக்கல் வருவது மூன்று இடங்களில். முதலாவது, முடித்த தேதி. இந்த ஆண்டு முடித்ததாகத் தேதி இருக்கும் புத்தகத்தைத்தான் சேலஞ்ச் எண்ணும். 'படித்தது' அலமாரிக்கு நகர்த்தி, தேதிப் பெட்டியைக் காலியாக விட்டால் கணக்கில் வராது. எண்ணிக்கை குறைகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, தேடல். ஆங்கில எழுத்தில் தலைப்பை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதிச் சேர்த்திருப்பதால் ஒரே நாவலுக்குப் பல பதிவுகள் வரும். தமிழில் தட்டச்சு செய்து ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை தேடிவிட்டு, வாசகர் குறிப்புகள் அதிகம் உள்ள பதிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூன்றாவது, பதிப்பு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. எழுத்தின் அளவு, தாளின் அளவு, ஓவியங்கள் இவற்றைப் பொறுத்துப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் கூடும், குறையும். கையில் இருக்கும் பதிப்பும் ஆப்பில் தேர்ந்தெடுத்த பதிப்பும் வேறாக இருந்தால் பக்க எண் பொருந்தாது. சதவீதத்தில் ஏற்றுவதே மேல்.

ஸ்டோரிகிராஃப் இந்த இடத்தில் ஒரு படி மேலே நிற்கிறது. புத்தக எண்ணிக்கை மட்டுமல்லாமல் பக்கங்களுக்கும், ஒலிப்புத்தகம் கேட்பவர்களுக்கு மணிநேரத்துக்கும் தனி இலக்கு வைக்கலாம். புத்தக இலக்கைச் சின்னதாக வைத்து, பக்க இலக்கை முதன்மையாக எடுத்துக்கொண்டால் பெரிய நாவல் படிப்பவருக்கு அநியாயம் நடக்காது. குட்ரீட்ஸில் ஏற்கெனவே உள்ள பட்டியலை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளவும் வழி உண்டு. தமிழ்ப் பதிவுகள் குட்ரீட்ஸ் அளவுக்கு இல்லை என்பது குறைதான்.

ஆனால் ஸ்டோரிகிராஃபை எடுத்துக்கொள்ள உண்மையான காரணம் அதில் உள்ள 'படி ரீட்' (Buddy Read, சேர்ந்து வாசித்தல்) வசதி. நான்கைந்து பேர் ஒரே நாவலைச் சேர்ந்து படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 சதவீதத்தில் ஒரு கருத்தை எழுதினால், அந்த இடத்தை எட்டாதவருக்கு அது பூட்டியே இருக்கும். எட்டியதும் திறக்கும். ஆதித்த கரிகாலனின் முடிவை நோக்கிப் போகும் ஒரு கதையில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியால் சுவை கெட்டவர்களுக்குப் புரியும். பதிப்பு மாறுவதால் இங்கேயும் பக்கத்தை விட்டுவிட்டுச் சதவீதத்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு ஆப்புக்குமே பொதுவான குறை ஒன்று இருக்கிறது. தமிழ் சரித்திர நாவல்களில் பெரும்பாலானவை பத்திரிகைத் தொடராக வந்தவை. அவற்றின் இயல்பான அலகு அத்தியாயம். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்தது. வாரம் முழுக்க வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். பக்க இலக்கு வைத்துக்கொண்டு அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினால் அந்தக் கட்டமைப்பு வீணாகிறது. மறுநாள் எடுக்கும்போது யார் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று இரண்டு பக்கம் பின்னால் போக வேண்டியும் வரும். அத்தியாய இலக்கு வைக்க இரண்டிலும் வழியில்லை. அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91 அத்தியாயங்கள். மொத்தம் 293. நான்கு பாகம் முடித்தவருக்கு ஆப் ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதம் என்று காட்டும். உண்மையில் முடிந்தது 202 அத்தியாயம், 69 சதவீதம். 'மாதம் ஒரு பாகம்' என்று திட்டம் போடுகிறவர்கள் ஐந்தாம் மாதத்தில் தடுமாறுவது இதனால்தான். கொலை வாளுக்கும் மணிமகுடத்துக்கும் நாளுக்கு ஒன்றரை அத்தியாயம் போதும். தியாக சிகரத்துக்கு நாளுக்கு மூன்று வேண்டும். ஆர்வம் குறைந்துவிட்டதோ என்று நினைத்து அங்கே விட்டுவிடுகிறார்கள். வேகம் குறையவே இல்லை, பாகம்தான் இரண்டு மடங்கு.

எனவே வாரத்துக்கு 12 அத்தியாயம், நாளுக்கு இரண்டு, ஒரு நாள் விடுப்பு. இப்படிப் போனால் 25 வாரத்தில் முடியும். பொங்கலுக்கு எடுத்தால் ஆடி பிறப்பதற்குள் கையை விட்டு இறங்கும். ஓர் அத்தியாயத்துக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு வழியிலேயே மூன்று நான்கு முடித்துவிடலாம். வேலைக்காக ஓசூர் போய்வருகிறவர்களுக்கு வாரக் கணக்கு இரண்டு மூன்று நாளிலேயே தீர்ந்துவிடும். போனில் படிப்பவர்கள் மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து கல்கியின் நாவல்களை இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பாதைகளில் சிக்னலை நம்பிப் பயனில்லை. ஆப்பில் ஏற்றும் முன்னேற்றக் கணக்கையும் வீட்டுக்கு வந்து ஏற்றுங்கள்.

நாவல் தொடங்குவதே ஆடிப்பெருக்கு அன்று. ஒகேனக்கலில் அந்த நாளைக் கொண்டாடும் நம் மாவட்டத்தில், அன்றே முதல் அத்தியாயத்தை எடுக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: இதே வேகத்தில் போனால் நான்கு பாகம் நவம்பர் இறுதிக்குள் முடியும், ஐந்தாவது தை மாதத்தில்தான் முடியும். முடித்த தேதியை வைத்து எண்ணும் குட்ரீட்ஸ் அதை அடுத்த ஆண்டில் சேர்த்துவிடும். இந்த ஆண்டு இலக்கை அமைக்கும்போதே நான்கு என்று வைத்துக்கொண்டால் டிசம்பரில் அவசரப்பட வேண்டாம்.

அத்தியாயக் கணக்குக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பாகமும் அத்தியாயமும், புதிதாக வந்த பெயர், சரிபார்க்க வேண்டியது என நான்கு பத்தி போடுங்கள். பெயர்ப் பத்தி மிக முக்கியம். அருள்மொழிவர்மர்தான் பொன்னியின் செல்வர், பின்னாளில் ராஜராஜர். சுந்தர சோழர்தான் இரண்டாம் பராந்தகர். திருமலைதான் ஆழ்வார்க்கடியான். மதுராந்தகன் உத்தம சோழனாகும் கதை தனி. பழுவேட்டரையர்கள் இருவர். முதல் இருபது அத்தியாயத்திலேயே இவர்களை ஒரு பக்கத்தில் வம்ச மரமாக வரைந்து அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், இரண்டாம் பாகத்தில் கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் கைவிட மாட்டார்கள்.

நான்காவது பத்திதான் சரித்திர நாவலைச் சரித்திரத்தோடு கட்டுகிறது. எந்த ஆப்பிலும் இதற்கு இடமில்லை. நந்தினி கற்பனை. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்று தஞ்சைக் கல்வெட்டில் இருக்கிறான். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையவர்களாக ரவிதாசன் உள்ளிட்டோரின் பெயர் காட்டுமன்னார்கோவில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் வருகிறது. கல்கியின் பல்லவர் கால நாவலான சிவகாமியின் சபதத்தில் சிவகாமி கற்பனை. பரஞ்சோதி பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர். வாதாபிப் படையெடுப்பு 642-ஐ ஒட்டி நடந்தது. இந்த நாவல் நான்கு பாகம், 200-க்கு மேல் அத்தியாயம். பாகங்கள் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 'மாதம் ஒரு பாகம்' திட்டம் இதற்குத்தான் சரியாகப் பொருந்தும். பல பாக நாவலை முதன்முதலாக எடுப்பவர்கள் இதிலிருந்து தொடங்கினால் இலக்கு தவறாது.

அந்தப் பல்லவர் காலத்தின் மனிதர்களைப் பார்க்கக் காஞ்சிபுரம்தான் போக வேண்டும் என்பதில்லை. ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. விழுந்துபட்ட வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததைக் கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. நாவலில் மகேந்திரர் சிற்பிகளோடு பேசிக்கொண்டிருக்கும் அத்தியாயங்களைப் படிக்கும் வாரத்தில், தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் அங்கே வரிசையாக வைத்திருக்கும் நடுகற்களை நின்று பாருங்கள். வாள் பிடித்த கை, வில், மீட்ட ஆநிரை எல்லாம் கல்லில் இருக்கும். நாவலாசிரியர் அரசவையைக் காட்டுகிறார், நம் ஊர்க் கற்கள் ஆநிரைக்காக மாண்ட ஊர்க்காரனைக் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நிறைவான வாசிப்பு.

சோழருக்கும் பல்லவருக்கும் அமைந்த அளவுக்கு, தருமபுரியின் பழைய பெயரான தகடூருக்கு நாவல்கள் அமையவில்லை என்பது நீண்டநாள் ஏக்கம். அந்த இடத்தை நிரப்ப, இலக்கில் புறநானூற்றின் 87 முதல் 95 வரையிலான ஒன்பது பாடல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாமே அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடியவை. வாரம் ஒன்று, உரையோடு. 95-ஆம் பாடலில் தொண்டைமானின் ஆயுதசாலையில் நெய் பூசிப் பீலி சூட்டி வைத்திருக்கும் வேல்களைக் காட்டும்போது, அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். எந்தப் போர் அத்தியாயத்துக்கும் இது குறைந்ததில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டை விரும்புகிறவர்களுக்குப் பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், அதன் தொடர்ச்சியாக 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற வானம் வசப்படும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாகக் கொண்டவை. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் மைசூர்ப் போர்களில் சிக்கி, 1792-இல் பாராமகால் எனப்பட்ட நம் வட்டாரம் கம்பெனி கைக்குப் போவதற்கு முந்தைய தலைமுறையின் அரசியல் அவற்றில் தெரியும். இவை தொடர்கதைக் கொக்கிகளை நம்பி நகர்பவை அல்ல. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று கட்டுப்படுத்தாமல், வார இறுதியில் இரண்டு மணிநேரம் ஒதுக்கிப் படிப்பதே பொருந்தும்.

குழுவில் பகிரும்போது 'பாகம் 2, அத்தியாயம் 14' என்ற வடிவத்தில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பக்க எண் யாருக்கும் பயன்படாது. அத்தியாயத் தலைப்பையும் போட வேண்டாம், சில தலைப்புகளே கதையைச் சொல்லிவிடும்.

எதை எடுப்பது? தனியாகப் படித்து, நண்பர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் வேண்டுமானால் குட்ரீட்ஸ் போதும். எண்ணை 12-க்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு பாகத்தையும் ஒன்றாக எண்ணுங்கள். சேர்ந்து படிக்கும் குழுவாக இருந்தால் ஸ்டோரிகிராஃப். எதுவானாலும் அத்தியாயக் கணக்கு நோட்டில்தான். குட்ரீட்ஸில் உள்ள பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள். போன் ஆப்பில் அந்த வசதி இல்லை. கணினியில் தளத்தைத் திறந்து, 'மை புக்ஸ்' பக்கத்தில் உள்ள இறக்குமதி, ஏற்றுமதி இணைப்பைச் சொடுக்கினால் சிஎஸ்வி கோப்பாக வந்துவிடும்.